மூலையில் மட்டும் முட்டலாம்: எங்கள் வீட்டுப் புளொக்கஸ்

புளொக்கஸ் என்ற பலகை விளையாட்டை விளையாட வரும் புது ஆட்கள் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே மாதிரித்தான் தொடங்குவார்கள். தங்கள் மூலையில் உட்கார்ந்து அங்கேயே வீடு கட்டுவார்கள். காய்களை நெருக்கமாக, வடிவாக அடுக்குவார்கள். மற்றவன் எங்கே வருகிறான் என்று பார்க்கவே மாட்டார்கள். பாதி ஆட்டத்தில் தலையை நிமிர்த்தினால் வெளியே போக வழியிருக்காது, கையில் இருப்பதெல்லாம் பெரிய காய்களாக இருக்கும். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்து விளையாடிப் போன மச்சான்மார், மச்சாள்மார், டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகள் என்று பலரிடம் இதைப் பார்த்துவிட்டேன். இடம் பிடிக்கிற விளையாட்டு என்று நினைக்கிறார்கள். உண்மையில் இது மூலை சேர்க்கிற விளையாட்டு. இந்த ஒன்று பிடிபட்டால் மீதியெல்லாம் தானாக வரும்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பலகையில் 20க்கு 20, மொத்தம் 400 கட்டங்கள். நீலம், மஞ்சள், சிவப்பு, பச்சை என்று நாலு நிறம், கட்டங்களை ஒட்டிய வடிவங்களாக நிறத்துக்கு 21 காய்கள். ஒரு கட்டக் காய் ஒன்று, இரண்டு கட்டக் காய் ஒன்று, மூன்று கட்டத்தில் இரண்டு, நாலு கட்டத்தில் ஐந்து, ஐந்து கட்டத்தில் 12. முதல் காய் பலகையின் ஒரு மூலைக் கட்டத்தை மூட வேண்டும். அதன் பிறகு வைக்கும் ஒவ்வொரு காயும் உங்கள் நிறக் காய் ஏதாவது ஒன்றை மூலையில் தொட வேண்டும், பக்கத்தில் தொடவே கூடாது. மற்ற நிறத்துக் காய்களோடு எப்படியும் முட்டலாம். வைக்க இடமில்லாதவர் நிற்க வேண்டியதுதான், மற்றவர்கள் தொடர்வார்கள். கடைசியில் யார் கையில் மிச்சக் கட்டம் குறைவோ அவர் வென்றார். இவ்வளவுதான் விதி.

பெர்னார்ட் டவிட்டியன் என்ற பிரெஞ்சுக்காரர் உருவாக்கியது, 2000ஆம் ஆண்டு வெளிவந்தது, 2009இலிருந்து மட்டெல் என்ற பொம்மை நிறுவனத்தின் கையில் இருக்கிறது. காய்களின் வடிவங்கள் அதைவிடப் பழையவை. ஐந்து சதுரங்களை ஒட்டினால் வரும் அந்தப் 12 வடிவங்களுக்குப் பென்டோமினோ என்று பெயர் வைத்துப் பிரபலமாக்கியவர் சொலமன் கோலொம் என்ற அமெரிக்கக் கணிதக்காரர். 1953இல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோதே அதைப் பற்றிப் பேசியவர். கணிதக்காரர்கள் அவற்றை ஆங்கில எழுத்துகளால் கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் வேறு பெயர்கள். எக்ஸ் வடிவம் ‘கூட்டல்’, டபிள்யூ ‘படி’, வி ‘மூலைமட்டம்’, இசட் ‘மின்னல்’, நேராக நீண்டது ‘நீட்டு’. எஃப் வடிவத்துக்குச் சின்னவன் வைத்த பெயர் ‘கோணலன்’. பெயர் வைத்தது விளையாட்டுக்காகத்தான், ஆனால் பெயர் வந்த பிறகுதான் பிள்ளைகள் காய்களைப் பற்றி யோசிக்கவே தொடங்கினார்கள். “மின்னலை இன்னும் வைக்கேல்லையா?” என்று ஒருவரை ஒருவர் கேட்பதற்குப் பெயர் வேண்டியிருக்கிறதே.

பெட்டி எங்களிடம் வந்தது லண்டனில் இருக்கும் மாமா மூலம். பல காலம் அலுமாரிக்கு மேலேயே கிடந்தது. 2022இல் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை போன அந்த மார்ச் கடைசியில்தான் கீழே இறங்கியது. டிவி இல்லை, வைஃபை இல்லை, ஃபான் இல்லை. பல்கனிக் கதவைத் திறந்துவைத்துக் கடல் காற்றுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் பிள்ளைகளின் கையில் ஏதாவது கொடுக்க வேண்டியிருந்தது. ஓர் ஆட்டம் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் என்பது அப்போது பெரிய வசதி.

அந்த நாட்களில் படித்த ஒரு சின்ன விஷயம்: மெழுகுதிரி வெளிச்சத்தில் நீலமும் பச்சையும் ஒன்றுதான். மஞ்சள் நிறத்தில் எரியும் சின்ன எமர்ஜென்சி லைட்டிலும் அப்படியே. தன்னுடைய பச்சைக் காயை மூலையில் தொடுகிறது என்று நினைத்து அம்மா வைத்த காய் உண்மையில் நீலத்தின் மூலையில் தொட்டு நின்றது, அதை யாரும் கவனிக்காமலே பல சுற்று போனது. வெளிச்சம் குறைவான இடத்தில் விளையாடுவதென்றால் வெள்ளை லைட் வையுங்கள். அல்லது இரண்டு பேர் மட்டும் என்றால் நீலம், மஞ்சள் என்று தள்ளித் தெரிகிற நிறமாக எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்க்கச் சிரமப்படுகிற ஒருவர் எங்கள் சொந்தத்தில் இருக்கிறார். அவருக்காகப் பச்சைக் காய் ஒவ்வொன்றிலும் பெர்மனென்ட் மார்க்கரால் ஒரு கறுப்புப் பொட்டு வைத்தோம். பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை, அவர் இப்போது சந்தோஷமாக வருகிறார்.

விதியைச் சொல்லிக் கொடுப்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். “மூலை தொட வேணும், பக்கம் தொடக் கூடாது” என்று வாயால் எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. காயை உள்ளங்கையில் வைத்து விரலால் சுழற்றிப் பார்ப்பார், பலகைக்கு மேலே கொஞ்ச நேரம் பிடித்திருப்பார், காப்பு பலகை விளிம்பில் டிக்கென்று தட்டும், பிறகு மிக நேர்த்தியாகத் தன் காய்க்குப் பக்கத்தில் ஒட்டி வைப்பார்.

“அம்மம்மா, அது பக்கம் முட்டுது. மூலைதான் முட்ட வேணும்” என்பாள் மகள்.

“மூலையும் முட்டுதுதானே பிள்ளை?”

அம்மா சொன்னது சரிதான்! பக்கத்தில் ஒட்டினாலும் எங்கோ மூலை தொட்டுக்கொண்டுதான் இருக்கும். அதனால் நாங்கள் சொல்லும் முறையை மாற்றிவிட்டோம். முதலில் “பக்கம் முட்டக் கூடாது” என்பதை மட்டும் சொல்ல வேண்டும், மூலையை அதற்குப் பிறகு. அதோடு, புதிதாகப் பழகுபவருக்கு ஒரு நிறத்தை மட்டும் கொடுத்து, வெறும் பலகையில் 21 காயையும் தனியே வைக்கவிடுங்கள். எதிராளி இல்லை, அவசரம் இல்லை. ஒரு நிறத்தின் மொத்தக் கட்டம் 89தான், பலகையில் 400 இருக்கிறது, இடத்துக்குப் பஞ்சமில்லை. அதை முடிக்கும்போது கை விதியைப் படித்துவிடும். காயைச் சுழற்றலாம் என்பது எல்லோருக்கும் தோன்றும், புரட்டிப் போடலாம் என்பது தோன்றாது. அதையும் அப்போதே காட்டிவிட வேண்டும். “இனி வைக்க ஏலாது” என்று கையை விரிக்கும் பிள்ளையின் காய்களைப் புரட்டிப் பாருங்கள், பாதி நேரம் இடம் இருக்கும்.

சரி, மூலைக் கணக்குக்கு வருவோம். இதைத்தான் நான் பிள்ளைகளோடு உட்கார்ந்து கட்டம் கட்டமாக எண்ணிப் பார்த்தேன். ஒரு காயை வெறும் பலகையில் வைத்தால் அடுத்த காய் வந்து தொடக்கூடிய மூலைக் கட்டங்கள் எத்தனை? ஒரு கட்டக் காய்க்கு நாலு. நீட்டுக்கும் நாலுதான். ஐந்து கட்டத்தைச் செலவழித்தும் ஒரு கட்டக் காய் தருகிற அளவு வழிதான் கிடைக்கிறது. மூலைமட்டத்துக்கு ஐந்து, மின்னலுக்கு ஆறு, படிக்கும் கோணலனுக்கும் ஏழு, கூட்டலுக்கு எட்டு. ஆக, பார்க்க அசிங்கமாக, எங்கே வைப்பது என்று திணற வைக்கிற காய்கள்தான் அதிக வாசல் திறந்துவிடுகின்றன. அவற்றைக் கடைசிக்கு வைத்திருந்தால் பொருந்தவே பொருந்தாது. கூட்டலைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டம் முடிந்தவர்கள் எத்தனையோ பேர். ஆரம்பத்திலேயே, இடம் தாராளமாக இருக்கும்போதே அவற்றை இறக்கிவிட வேண்டும். நீட்டு அப்படியல்ல. அது ஓர் ஓரத்தில், ஒரு சந்தில் கடைசியில்கூடப் போய்ப் படுத்துவிடும்.

அடுத்தது நடு. படி, மின்னல், மூலைமட்டம் மூன்றுக்கும் ஒரு குணம் உண்டு. மூன்றுமே 3க்கு 3 சதுரத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு நீளும். அவற்றை மூலைவிட்டமாக ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் மூன்றே காயில் ஒன்பதாவது கட்டத்தைத் தொட்டுவிடலாம். நாலாவது காய் பலகையின் நடுவுக்குள் நிற்கும். நாலு பேரும் இதைத் தெரிந்தவர்கள் என்றால் நடுவில் நல்ல கூட்ட நெரிசல்தான். நடுவைப் பிடித்தவன் வென்றுவிடுவான் என்பதில்லை. ஆனால் அங்கே ஒரு மூலை வைத்திருப்பவனுக்கு நாலு பக்கமும் போக வழி உண்டு. தன் மூலையிலேயே இருப்பவனுக்கு மற்ற மூவரும் கதவைச் சாத்திவிடுவார்கள்.

கதவு சாத்துவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உங்கள் காய்கள் மூலையில் மட்டும்தான் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. அந்தத் தொடுப்புக்குக் குறுக்கே, மற்ற இரண்டு கட்டங்கள் வழியாக எதிராளியும் மூலையாலேயே கடந்து போகலாம். கொழும்பின் காலி வீதி நெரிசலில் இரண்டு பஸ்ஸுக்கு நடுவே த்ரீவீல் நுழைவதைப் போல. ‘நான் மதில் கட்டிவிட்டேன்’ என்று யாராவது நிம்மதியாக இருந்தால் அந்த மதிலில் எத்தனை தொடுப்பு இருக்கிறதோ அத்தனை ஓட்டை. உண்மையான தடுப்பு என்பது ஒரே காயின் நீண்ட பக்கம் மட்டும்தான். நீட்டு, எல் போன்றவற்றுக்கு அங்கேதான் வேலை. மகள் இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து தம்பியின் பகுதிக்குள் போகாத நாளில்லை.

இன்னொன்று, எனக்கு இந்த விளையாட்டில் மிகப் பிடித்த யோசனை. பலகையில் உங்களால் மட்டும் போகமுடிந்த இடங்கள் சில உருவாகும். சுற்றி உங்கள் காய்கள், அல்லது பலகை விளிம்பு, வேறு யாருக்கும் அங்கே மூலை இல்லை. அதைப் பார்த்ததும் நிரப்பிவிடத்தான் கை போகும். நிரப்பக் கூடாது. அது உங்கள் சேமிப்பு, யாரும் எடுக்கமாட்டார்கள். போட்டி இருக்கிற இடத்தில் முதலில் காயை வைத்துவிட்டு, மற்றவர்கள் வழியில்லாமல் நிற்கும்போது வந்து அந்தச் சேமிப்பை எடுத்துச் செலவழிக்கலாம். அம்மா இதை யாரும் சொல்லாமலே செய்தார். சிறுவயதிலிருந்து முன்னூற்றிநாலு என்ற சீட்டாட்டம் விளையாடிய கை, துரும்புச் சீட்டை எப்போது இறக்க வேண்டும் என்று தெரியாதா? ஆட்டத்தின் கடைசிச் சுற்றுகளில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டிருக்க அம்மா மட்டும் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போவார், இடையில் பிளேன்டீயும் குடிப்பார்.

புள்ளிக் கணக்கில் இரண்டு வகை உண்டு. சும்மா மிச்சக் கட்டத்தை எண்ணுவது ஒன்று. மற்றது, மிச்சமாகும் கட்டத்துக்கு ஒவ்வொரு புள்ளி கழித்து, எல்லாக் காயையும் வைத்தவருக்கு 15 புள்ளி கொடுத்து, அவர் கடைசியாக வைத்தது ஒரு கட்டக் காயாக இருந்தால் இன்னும் 5 சேர்ப்பது. இரண்டாவது முறையைத்தான் நான் சொல்வேன். அந்த ஐந்து புள்ளிக்காக ஒரு கட்டக் காயைக் கடைசிவரை கட்டிக்காத்துவிட்டு, வேண்டிய நேரத்தில் அதை வாசலாகப் பயன்படுத்தாமல் தோற்றவர்களும் உண்டு. எல்லாவற்றையும் வைப்பது அடிக்கடி நடக்கிற காரியமில்லை. 89 கட்டத்தில் 60 ஐந்து கட்டக் காய்களில்தான் இருக்கிறது, அவை போனாலே பெரிய பாரம் இறங்கிய மாதிரி. ஒரு கட்டக் காயால் ஒரு ஐந்து கட்டக் காய்க்கு வழி கிடைக்கும் என்றால் யோசிக்காமல் வைத்துவிடுங்கள்.

இனி வீட்டு அரசியல். நாலு பேர் விளையாடும்போது ஒருவர் மேல் கோபம் வந்து அவரை அடைப்பதற்கென்றே காய் வைப்பது பிள்ளைகளிடம் கட்டாயம் நடக்கும். பெரியவர்களிடம் நடக்காது என்று சொல்ல முடியுமா? தடுக்கச் செலவழிக்கும் ஒவ்வொரு முறையும் மற்ற இருவருக்குத்தான் இலாபம் என்பதை ஓரிரு ஆட்டத்தில் புள்ளியே காட்டிக்கொடுக்கும். அப்படியும் அடங்காவிட்டால் ஜோடி ஆட்டத்துக்கு மாறிவிடுங்கள். எதிரெதிர் மூலையில் இருக்கும் நீலமும் சிவப்பும் ஒரு பக்கம், மஞ்சளும் பச்சையும் மறுபக்கம். அம்மாவும் சின்னவனும் ஒரு ஜோடி என்றால் எங்கள் வீட்டில் அன்றைக்குச் சண்டை இல்லை. “டேய் ராசா, அந்தப் பக்கம் நான் பாக்கிறன், நீ நடுவுக்குப் போ” என்று அம்மா சொல்வதைக் கேட்க வேண்டும். விளையாட்டுக்கு நடுவில் பேசலாமா கூடாதா என்று மகள் ஒரு நாள் வாதாடினாள். பேசலாம், ஆனால் பலகையில் விரல் வைத்துக் காட்டக் கூடாது என்று முடிவாயிற்று.

சின்னப் பிள்ளையும் பெரியவர்களும் சேர்ந்து விளையாடினால் வேண்டுமென்றே தோற்றுக் கொடுக்காதீர்கள், ஏழு வயதுப் பிள்ளைக்கு அது உடனே தெரிந்துவிடும். அதைவிடப் பெரியவர்களின் ஒரு கட்டக் காயையும் இரண்டு கட்டக் காயையும் ஆட்டத்துக்கு முன்பே பெட்டிக்குள் போட்டுவிடலாம். அவைதான் நெருக்கடியில் கைகொடுப்பவை, அவை இல்லாமல் விளையாடுவது நிஜமாகவே கடினம், ஆட்டமும் நேர்மையாக இருக்கும். அப்புறம், வழியில்லாமல் முதலில் நின்றுவிடும் பிள்ளை மற்றவர்கள் முடிக்கும்வரை சும்மா இருக்க வேண்டிவரும். அந்த நேரத்தில்தான் அழுகை, பலகையைத் தட்டுவது எல்லாம். மற்றவர்கள் வைக்கும் காய் பக்கத்தில் முட்டுகிறதா என்று பார்க்கும் அம்பயர் வேலையை எங்கள் சின்னவனிடம் கொடுத்தோம். நான் தப்பு விடமாட்டேனா என்று கண்ணை எடுக்காமல் காத்திருப்பான்.

மேல் மாடியில் இருக்கும் சிங்களக் குடும்பத்துப் பிள்ளைகளும் பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களில் வருவார்கள். எங்கள் சின்னவனின் சிங்களமும் அவர்களின் தமிழும் ஏறக்குறைய ஒரே நிலைமைதான். ஸ்கிராபிள் என்றால் யாருடைய மொழியில் என்ற கேள்வி வரும், இதில் வாசிக்க ஒரு எழுத்துக்கூட இல்லை. நிறத்தின் பெயரும் “ஏலாது”, அதற்குச் சிங்களத்தில் “பே” என்ற இரண்டு சொல்லும் போதும்.

வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பெட்டியைப் பார்த்துவிட்டுத் தங்கைக்கும் ஒன்று வேண்டும் என்று புறக்கோட்டையில் ஒரு கடையில் அசலைப் பார்த்துச் செய்த சாயல் பெட்டி ஒன்று மலிவாக வாங்கினோம். வீட்டில் அவிழ்த்துப் பார்த்தால் மஞ்சளில் படி இரண்டு இருந்தது, கோணலன் இல்லை. பலகையில் கட்டங்களைப் பிரிக்கும் வரம்பு உயரமே இல்லாததால் யாராவது மேசையில் முழங்கை வைத்தால் எல்லாக் காயும் நகர்ந்தது. திருப்பிக் கொண்டுபோனால் மாற்றித் தரமுடியாது என்றார்கள். ஆகவே கடையிலேயே பெட்டியைத் திறக்கச் சொல்லி நிறத்துக்கு 21 என்று எண்ணுங்கள். எண்ணிக்கை மட்டும் போதாது, ஒரே நிறத்தில் ஒரே வடிவம் இரண்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். பலகையில் ஒரு காயை வைத்துத் தட்டிப் பார்த்தால் வரம்பின் தரம் தெரியும். வாங்குமுன் பிடிக்குமா என்று பார்க்க விரும்பினால் சதுர ரூள் கொப்பியில் 20க்கு 20 கட்டம் போட்டு, நாலு நிறப் பென்சிலால் கட்டங்களை நிரப்பி விளையாடலாம். எந்தக் காய் முடிந்தது என்று தனியே குறித்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டும்தான் தொல்லை.

இரண்டு பேர் மட்டும் உள்ள வீடென்றால் டுவோ என்ற சின்னப் பெட்டி வருகிறது. 14க்கு 14 கட்டம், மூலையில் தொடங்காமல் உள்ளேயே குறித்த இரண்டு இடங்களில் தொடங்க வேண்டும். முதல் காயிலிருந்தே சண்டைதான், கணவனும் மனைவியும் யோசித்து வாங்கவும். பெரிய பலகையில் இருவர் விளையாடுவதென்றால் ஆளுக்கு இரண்டு நிறம் எடுக்கலாம். மூன்று பேர் என்றால் நாலாவது நிறத்தை மூவரும் மாறி மாறி வைக்க வேண்டும், அதன் புள்ளி யாருக்கும் சேராது. அந்த அநாதை நிறத்தை எல்லோரும் மற்றவனை அடைக்கத்தான் பயன்படுத்துகிறார்கள். எனக்கு அந்த ஆட்டம் பிடிக்காது, பிள்ளைகளுக்கு உயிர்.

காய்கள் பிளாஸ்டிக் என்பதால் மிக்ஸர் கையோடு தொட்டால் எண்ணெய் பிடிக்கும். வடிதட்டில் போட்டுச் சவர்க்காரத் தண்ணீரில் அலசினால் சரி, கண் பெரிய வடிதட்டென்றால் ஒரு கட்டக் காய் நழுவிப் போய்விடும். எங்கள் சிவப்பு அப்படித்தான் போனது. சிவப்பு அழிறப்பரை அதே அளவில் வெட்டி வைத்திருக்கிறோம்.